கண்டிக்குப் போன மாமனைத் தேடி: மூன்று குப்பிகளும் ஒரு மொய் நோட்டும்

என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், கல்யாணம் 1949-இல் நடந்தது. அந்தக் கல்யாணத்து மொய் நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நீளவாக்கில் மடித்துத் தைத்த கணக்குப் புத்தகம். ஊர் வாரியாகப் பெயர்கள். நாலணா, எட்டணா, ஒரு ரூபாய் என்று போகிற வரிசையில், கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி மட்டும் வேறு மையில் இருக்கிறது: “அண்ணன், கண்டி, மணியார்டர் ரூ. 5.” பந்தல் பிரித்த பிறகு வந்து சேர்ந்த பணம், அதனால் பிற்பாடு எழுதியிருக்கிறார்கள்.

அந்த அண்ணனைப் பற்றிக் கேட்டால் அம்மாயி ஒரே பதில்தான் சொல்லுவார்: “கண்டிச்சீமைக்குப் போனவர், கண்ணு. அத்தோடு சரி.” 2011-இல் அம்மாயி காலமாகும் வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. என் அம்மாவுக்கு அவர் தாய்மாமன். ஒரு புகைப்படம்கூட இல்லாத தாய்மாமன்.

இரண்டு வருடத்துக்கு முன் திருச்செங்கோட்டு வைகாசி விசாகத் தேருக்கு ஒரு அம்மாள் கோத்தகிரியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் எங்கள் உறவினரிடம் அவர்கள் வழி கேட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயர் தெரியவில்லை. “மலையை முதுகில் வைத்துக்கொண்டு மேற்கே இரண்டு கல் நடந்தால் நம் ஊர்” என்று அந்த அம்மாளின் அப்பா சொன்னது மட்டும் தெரியும். அப்பா பெயரைச் சொன்னதும் பூக்கடைக்காரர் என் மாமனின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டார். உறவு உண்மையா என்று மரபணு வழியாகப் பார்க்கும் இந்த வேலை இப்படித்தான் ஆரம்பித்தது.

பெயர் ஒத்துப்போனது. ஆனால் அது எங்கள் ஊர்ச் சாமியின் பெயர். வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர் உண்டு. அந்த அம்மாள் கையில் இருந்த பழைய பாஸ்போர்ட்டில் சொந்த ஊர் என்ற இடத்தில் “சேலம் ஜில்லா” என்று மட்டும் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். அதற்கு முன் திருச்செங்கோடும் சேலம் ஜில்லாதான். அந்த ஜில்லாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் கூட்டிப்போன ஆட்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. மண்டபம் முகாமில் தங்க வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றுவார்கள். 1939-இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. எங்கள் மாமன் அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார் என்பது வீட்டுப் பேச்சு. 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. கோத்தகிரி அம்மாள் அந்தக் கணக்கில் 1973-இல், 13 வயதில், ராமேசுவரத்தில் வந்து இறங்கியவர். அப்படித் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றிருக்கிறார்.

அம்மாவும் நானும் கோத்தகிரிக்குப் போனோம். மதியச் சாப்பாட்டுக்கு அவர் அரிசியும் பருப்பும் செய்திருந்தார். சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, மேலே நெய் விட்டு, எங்கள் வீட்டில் செய்வது போலவே. இலங்கையில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தபோது அப்பா சொல்லிக்கொடுத்து அம்மா செய்ததாம். என் அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “இவள் எங்கள் மாமன் மகள்தான், எந்தப் பரிசோதனையும் வேண்டாம்” என்றார். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்தச் சாப்பாடு கொங்கு நாட்டில் எல்லா வீட்டிலும் உண்டு. தப்பான குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, உண்மையான குடும்பத்தை அவர்கள் தேடாமலே விட்டுவிட்டால் அது பெரிய பாவம்.

மரபணுப் பரிசோதனை என்று பேச்செடுத்ததும் என் மாமன் தயங்கினார். தயக்கத்துக்குக் காரணம் நிலம். “இது நாளைக்குப் பத்திரத்தில் போய் நிற்குமா சாமி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் மறைக்காமல் பதில் சொன்னேன். வீட்டில் நாமே எடுத்து அனுப்புகிற மாதிரிக்கு, யார் எடுத்தது, யாருடையது என்பதற்குச் சாட்சி கிடையாது. நீதிமன்றம் கேட்டால் அதற்கு வேறு முறையில் தனியாக எடுப்பார்கள். இந்தப் பேச்சு எப்படியோ கோத்தகிரிக்கும் போய்விட்டது. மறுநாள் அந்த அம்மாளே மாமனைக் கூப்பிட்டார். “அறுபதாம்படியில் நின்று சத்தியம் செய்கிறேனுங்க. எனக்கு ஒரு சென்ட் நிலம் வேண்டாம். எங்கள் அப்பா யார் என்று தெரிந்தால் போதும்.” திருச்செங்கோட்டு மலைப்படியில் அறுபதாம்படிக்கு இருக்கும் மரியாதை எங்கள் பக்கத்தாருக்குத் தெரியும். தீராத வழக்கையும் அங்கே நின்று சொல்லும் ஒரு வார்த்தையில் தீர்த்துக்கொள்வார்கள். மாமன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மாதிரி எடுத்து அனுப்பும் பெட்டி வாங்குவதற்கு முன் நான் செய்ததில் முக்கியமான வேலை ஒரு தாள் எழுதியது. தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம். எச்சிலிலிருந்து என்ன பார்ப்பார்கள், எங்கே வைத்திருப்பார்கள், எதிர்பாராத செய்தி வந்தால் யாரிடம் முதலில் சொல்லுவேன், வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம் என்று எழுதி, மாதிரி கொடுக்கும் மூவருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். இதைச் சடங்காக நினைக்கக் கூடாது. 2023-இல் ட்வென்ட்டித்ரீ அண்ட் மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருட்டுப் போயின. 2025 மார்ச்சில் அதே நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணு அப்படியில்லை, அதோடு, ஒருவர் கொடுத்தால் அவருடைய பிள்ளைகள், அண்ணன் தம்பிகள் எல்லாருடையதிலும் பாதியோ கால்வாசியோ சேர்ந்துதான் போகிறது.

யாரிடம் எடுப்பது என்பதில் ஒரு விதி: இருப்பவர்களில் மூத்த தலைமுறை முதலில். ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் சரக்கு இது. அம்மா இருக்கும்போது என்னுடையதை எடுப்பது வீண். என் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைக்குச் சராசரியாக மரபணுவின் 6.25 சதவீத இடங்களில், இரண்டு பக்கமிருந்தும் ஒரே முன்னோரின் ஒரே துண்டு வந்து சேர்ந்திருக்கும். அக்கா மகளைக் கட்டிய குடும்பத்தில் அது 12.5 சதவீதம். என்னை வைத்துத் தேடினால் எந்த உறவு எந்தப் பக்கம் என்றே பிரிக்க முடியாது. ஆகவே அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமன், கோத்தகிரி அம்மாள், ஆக மூன்று பேர். பெட்டி ஒன்றுக்குச் சுமார் ஏழாயிரம் ரூபாய் ஆனது.

மாதிரி எடுப்பதில்தான் சறுக்கினேன். எச்சிலைக் குழாய் நிறையத் துப்பும் வகை வயதானவர்களுக்கு ஒத்துவராது, வாய் வறண்டுவிடும். அதனால் கன்னத்தின் உள்பக்கம் தேய்க்கும் பஞ்சு முனைக் குச்சி வகையை வாங்கினேன். அதுவரைக்கும் சரி. கோத்தகிரி அம்மாள் காலையிலிருந்து வெற்றிலை போடுகிறவர். தோட்டத்தில் குளிருக்குப் பழகியது. நான் போனபோது வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தேய்த்து எடுத்த குச்சியின் முனை இளஞ்சிவப்பாக இருந்தது. பரவாயில்லை என்று குப்பிக்குள் போட்டு மூடிவிட்டேன். ஆறு வாரம் கழித்து, போதிய மரபணு கிடைக்கவில்லை, மறுபடி அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது.

இரண்டாம் தடவை இப்படிச் செய்தோம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை கிடையாது. அவருக்கு அது கிட்டத்தட்ட விரதம். காலையில் பல் துலக்கி, வெதுவெதுப்பான நீரில் நாலைந்து முறை கொப்பளித்து, துப்பும் தண்ணீர் தெளிவாக வரும் வரை பார்த்தோம். பிறகு ஒரு மணி நேரம் டீகூட இல்லை. தேய்ப்பதற்கு முன் இரண்டு தடவை எச்சிலை விழுங்கச் சொன்னேன். வேண்டியது கன்னத்துச் சுவரிலிருந்து உரிந்து வரும் செல்கள். எச்சில் மிகுந்தால் அவை குச்சியில் பிடிக்காது. ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் குச்சியை வைத்து, அது சற்றே வளையும் அளவுக்கு அழுத்தி, சுழற்றிக்கொண்டே ஒரு நிமிடம் முழுதாகத் தேய்த்தேன். மறு கன்னத்துக்கு இன்னொரு குச்சி. முனையை விரல் தொடாமல் குப்பியின் திரவத்துக்குள் இறக்கி, மூடியைத் திருகி, அந்த இடத்திலேயே எண்ணைச் சரிபார்த்துப் பெயரை எழுதினேன். மூன்று பேர் குப்பியும் ஒரே மேசையில் இருக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் முடித்து உறை ஒட்டிய பிறகே அடுத்தவர்.

முடிவு வந்தபோது பூர்வீக சதவீதம் என்று ஒரு வண்ணப் படம் முதலில் வரும். தென்னிந்தியா என்று சொல்லும். அது நமக்கே தெரியும், தள்ளிவிடலாம். பார்க்க வேண்டியது இருவருக்குள் பொதுவாக இருக்கும் மரபணுத் துண்டுகளின் மொத்த நீளம். அதை சென்டிமார்கன் என்ற அளவில் சொல்லுவார்கள். தாமஸ் ஹண்ட் மார்கன் என்ற விஞ்ஞானியின் பெயரால் வந்த அளவு. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 இருக்கும். கூடப் பிறந்தவர்களுக்குச் சுமார் 2,600. என் அம்மாவுக்கும் மாமனுக்கும் 2,590 வந்தது. தராசு சரியாக நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, தெரிந்த உறவு ஒன்றை இப்படி நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

கோத்தகிரி அம்மாளோடு என் அம்மாவுக்கு 662. மாமனுக்கு 604. மிக நீளமான ஒரு துண்டு மட்டும் 74.

கைகால் ஓடவில்லை. உறவு உறுதி. பிளெய்ன் பெட்டிங்கர் என்பவர் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடமிருந்து எண்களைத் திரட்டி வெளியிட்டிருக்கும் அட்டவணையின் 2020 பதிப்பில், அண்ணன் தங்கை பிள்ளைகளுக்குள் 396 முதல் 1,397 வரை வரலாம் என்று இருக்கிறது. இரண்டு எண்ணும் அதற்குள் அடங்குகின்றன. நிறுவனத்தின் பக்கத்திலும் ‘கசின்’ என்றே போட்டிருந்தது. பெரியப்பா மகளுக்கும் மாமன் மகளுக்கும் சேர்த்து ஒரே சொல். ஒருத்தி அக்கா, ஒருத்தி கட்டிக்கொள்ளும் முறை என்ற வித்தியாசம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. முறையை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து அவர் எனக்குக் கோத்தகிரி அத்தை.

ஆனாலும் ஒரு சந்தேகம் தூங்கவிடவில்லை. அதே அட்டவணையில் அந்த உறவுக்குச் சராசரி 866. எங்கள் பக்கம் எண் பொதுவாகக் கூடித்தான் வரும். தலைமுறை தலைமுறையாக மாமன் மச்சானுக்குள்ளேயே கொண்டு கொடுத்த ஊர்களில், நேர் உறவு கொடுக்கும் நீளத்தோடு பழைய உறவுகளின் துண்டுகளும் சேர்ந்துகொள்ளும். முன்பின் அறியாத தமிழர்கள் பலர் 30, 40 என்று பட்டியலில் வந்து நிற்பது அதனால்தான். எல்லாம் பொடிப்பொடியாக இருக்கும். அவற்றின் பின்னால் ஓட வேண்டாம். அப்படிக் கூட வேண்டிய இடத்தில் இரண்டு பேருக்கும் குறைந்து வந்திருக்கிறதே?

தாய் வேறு என்றால் குறையும். ஒரு தகப்பன், இரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் அவர்களுடைய மக்களுக்குள் சராசரி 449. எங்கள் எண்கள் 449-க்கும் 866-க்கும் நடுவில் நின்றன. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

வழி காட்டியது எக்ஸ் குரோமோசோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் ஆண் வழியில் தொலைந்தவர்களைத் தேடுவோருக்கு இது பெரிய உதவி. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். தகப்பன் மகனுக்கு ஒய்யைக் கொடுக்கிறான், எக்ஸ் கொடுப்பதில்லை. ஆகவே கண்டிக்குப் போன மாமனிடம் இருந்த ஒரே எக்ஸ் முழுக்க அவருடைய தாயுடையது. அதை அவர் உடையாமல் தன் மகளுக்குக் கொடுத்தார். கோத்தகிரி அத்தையின் இரண்டு எக்ஸில் ஒன்று அப்படியே அந்தப் பாட்டியினுடையது. என் அம்மாவோ தன் எக்ஸில் ஒன்றை அம்மாயியிடமிருந்து பெற்றவர். இரண்டு தாய்களும் ஒருவருக்கொருவர் அந்நியர் என்றால் இங்கே பொதுவாக எதுவும் இருக்க வழியில்லை. திறந்து பார்த்தேன். 58 இருந்தது.

தாய் ஒருவரே என்றாலும் இப்படி வரும். தாய் வேறாகி, அவர்களுக்குள் நெருங்கிய உறவு இருந்தாலும் வரும். இரண்டாவது என்றால் எந்த உறவு? அக்காள் தங்கை என்று வைத்துக் கணக்குப் போட்டேன். தகப்பன் வழியில் பாதி உறவுக்கு 449. தாய்கள் அக்காள் தங்கை என்பதால் பிள்ளைகள் வழியில் வரும் இரண்டாம் சுற்று உறவுக்கு 229. கூட்டினால் 678. எங்களிடம் இருப்பது 662, 604. கணக்கு பொருந்தியது என்பதற்காக உண்மை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு அன்று தெரிந்துவிட்டது.

முதலில் பத்திரம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கையெழுத்துப் புத்தகத்தில் பெயர் வாரியாகத் தேடச் சொன்னேன். மூன்று நடை போனபின் 1934-ஆம் வருடக் கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தது. அம்மாயியின் அப்பா இரண்டு ஏக்கர் மேட்டாங்காட்டை விற்றிருக்கிறார். “எனக்காகவும், என் மூத்த சம்சாரம் காலஞ்சென்ற” என்று ஒரு பெயர், “வயிற்றில் பிறந்த என் மைனர் குமாரனுக்குக் கார்டியனாகவும்.” அந்தப் பெயரைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது என் அம்மாவின் பெயர். தனக்கு அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று அம்மா சிறுவயதில் கேட்டபோதெல்லாம், சாமி பெயர் என்றே அம்மாயி சொல்லியிருக்கிறார்.

அடுத்தது சங்ககிரியில் இருக்கும் எங்கள் ஒன்றுவிட்ட பெரிய அம்மாயி. வயது 92. போன தடவை கண்டிக்குப் போனவரைப் பற்றிக் கேட்டபோது ஒன்றும் தெரியாது என்றவர். இந்தத் தடவை, “மூத்தவரும் இளையவரும் அக்காள் தங்கைகளா, அம்மாயி?” என்று கேட்டேன். உடனே சொன்னார்: “ஆமாம் கண்ணு. அக்காள் போய்ச் சேர்ந்த வீட்டுக்குத் தங்கச்சியைக் கொடுத்தார்கள், பையனை வளர்க்க. நன்றாகத்தான் வளர்த்தாள். காடு விற்ற பணத்தில் தன் பங்கு வரவில்லை என்று அவன் கோபித்துக்கொண்டு போனான்.” இவ்வளவும் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ இதைக் கேட்கவில்லையே” என்றார்.

தாளில் எழுதிக் கொடுத்தபடி கோத்தகிரி அத்தைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அப்பா ஊர்க்கதை சொல்லும்போதெல்லாம் ‘சின்னாத்தா’, ‘சின்னாத்தா’ என்றே சொல்லுவார், அது தங்கள் பாட்டியின் பெயர் என்று பிள்ளைகள் ஐந்து பேரும் நினைத்திருந்தோம் என்றார். தாயின் தங்கையை அழைக்கும் முறை அது. விடை 40 வருடமாக அவர்கள் வாயிலேயே இருந்திருக்கிறது. மொய் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். “மணியார்டர் ரூ. 5” என்ற வரியின் மேல் அத்தை விரலை வைத்து, மை அழிந்துவிடுமோ என்பது போல உடனே எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் அன்றைக்கு அது எத்தனை நாள் கூலி என்று தன் மகனிடம் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

மூவரின் முழுத் தரவையும் இறக்கி, இரண்டு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். ஒன்று மாமனிடம், ஒன்று அத்தையிடம். மீதமிருக்கும் மாதிரிகளை அழித்துவிடும்படி நிறுவனத்துக்கு எழுதி, அழித்ததற்குப் பதிலும் வாங்கிவிட்டேன். இதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று விடாதீர்கள்.

இனி ஒரு வேலை பாக்கி. அத்தையின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவரிடம் இருக்கும் ஒய் குரோமோசோம், அம்மாயியின் அப்பாவுடையது. அந்தப் பங்காளி வீட்டில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் பெரியவர் ஒருவரோடு அதை ஒப்பிட்டால், தகப்பன் வழியும் தனியாக நின்று சாட்சி சொல்லும். பெரியவருக்கும் தாளை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் வெற்றிலை போடுவதில்லை, மூக்குப்பொடி மட்டும்தான். அதையும் அன்று காலை விலக்கி வைத்திருந்தார். போன செவ்வாய்க்கிழமை திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து, ஒரு கன்னத்துக்கு ஒரு நிமிடம் எண்ணித் தேய்த்து, குப்பியை அனுப்பியிருக்கிறேன்.